சுவரைப் பார்த்த நாற்காலி

"மிஸ், நீங்க கொஞ்சம் திரும்பி உக்காந்துக்கறீங்களா?" என்று ரிஸ்வானா கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள். ஆனாலும் சேட்டை செய்த பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்துகிற மாதிரி வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. சிறப்புப் பள்ளியில் டீச்சராக இருந்தே தலை நரைத்தவள் அவள். போன ஜூனில் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண் சொல்லி, தன் நாற்காலியைத் தானே தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே வெள்ளைச் சுவர். வெள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் மேஜை, மேஜையருகே நிவாஷினி, அவளுக்கு எதிரே ரிஸ்வானா. இன்றைக்கு நிவாஷினிக்கு வருஷ மதிப்பீடு. என்னென்ன வேலைகளை அவள் தானாகச் செய்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிப் பார்த்துக் குறிப்பார்கள். ஆறு வருஷமாக அதை நடத்தியவள் வசந்தாமணி. இன்று அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், திரும்பிப் பார்க்காமல் இருப்பது. அதற்குப் பேசாமல் அறையை விட்டே போய்விடலாமே என்றால், போன வாரம் போயும் பார்த்தாயிற்று. நிவாஷினி கதவடியில் உட்கார்ந்து, இடுக்கில் விரலை விட்டுக்கொண்டு, சோறு வரும்வரை அழுதாள். ஒரு வேலையும் நடக்கவில்லை. ஆக, அறைக்குள் இருக்கவும் வேண்டும், முகம் தெரியவும் கூடாது. கல்யாண மண்டபத்து மூலையில் சுருட்டிச் சாத்திய ஜமுக்காளம் மாதிரி இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜமுக்காளத்துக்கு இந்தப் பாடு கிடையாது. அதற்குக் கழுத்து வலிக்காது, யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற ஏக்கமும் இருக்காது.

பக்கத்துக் குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. டடக் டடக் டடக். இந்த ஊரில் தறிச் சத்தம் நின்றால்தான் ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஓடுகிறவரை யார் காதிலும் விழாது. பள்ளிக்கூடம் நடக்கிற இந்தக் கட்டடமும் ஒரு காலத்தில் தறிக்குடோன்தான். தறியை இறுக்கிய போல்ட்டுக் குழிகளைச் சிமெண்டு பூசி அடைத்தார்கள், பிள்ளைகள் நோண்டி நோண்டித் திரும்பவும் குழியாக்கிவிட்டார்கள். இத்தனை வருஷம் காதில் விழாத சத்தம் இன்றைக்குப் பார்த்து வசந்தாமணியின் மண்டைக்குள்ளேயே ஓடியது. கண்ணைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள், காதையாவது விட்டுவைக்கக் கூடாதா? கொஞ்ச நேரம் கரண்டு போய்த் தொலைந்தால் என்ன? போகாது. வீட்டில் மாவு ஆட்டும்போது போகும், மோட்டார் போட்டால் போகும், வேண்டுமென்று கேட்டால் போகாது. "நிவா, உன் பையை எடு." இது ரிஸ்வானா. ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற குரல். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்திருக்கிறாள். மேஜைமேல் பைகளை வரிசையாக வைத்திருப்பாள், எல்லாம் ஒரே நீலம். இப்போது நிவாஷினியின் கை அவற்றுக்கு மேலே போயிருக்கும். கை போகும், கண் போகாது. கண் எங்கே போகும் என்று வசந்தாமணிக்குத் தெரியும். இங்கேதான் வரும். பிடரியில், கொண்டைக்குக் கீழே, அந்தப் பார்வை வந்து உட்கார்ந்த இடம் சூடாகத் தெரிந்தது. முதுகும் பேசுமோ? இந்தப் பிள்ளையிடம் பேசினாலும் பேசும். முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டாள். மூச்சு விட்டால் தோள் ஏறும், பிடித்தால் அதுவும் ஒரு சேதியாகிவிடும். ஒரே சீராக விடு, தறி மாதிரி விடு. அப்போது மணி குலுங்கியது. நிவாஷினியின் பை ஜிப்பில் அவள் அம்மா கட்டிவிட்ட சின்ன மணி. எடுத்துவிட்டாள்! தன் பையைத்தான் எடுத்தாள்! வசந்தாமணியின் புருவம் சுவரைப் பார்த்து விருட்டென்று ஏறியது. ஏறட்டும், இங்கே யார் பார்க்கிறார்கள்? சுவரில் ஒரு பல்லிதான் இருந்தது.

இந்தப் புருவத்தால்தான் எல்லாம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிஸ்வானா, பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, வசந்தாமணி நிவாஷினிக்கு அசெஸ்மெண்ட் செய்வதைப் போனில் வீடியோ எடுத்தாள். எடுக்கும்போது வசந்தாமணிக்குப் பெருமைதான், கொண்டையைக்கூடச் சரிசெய்துகொண்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி, "மிஸ், இதக் கொஞ்சம் பாருங்க. சத்தத்த நிறுத்திட்டுப் பாருங்க" என்றாள். படத்தில் நிவாஷினியின் முன்னால் வண்ண அட்டைகள். அவள் அட்டைகளைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் ஒவ்வொரு அட்டையின் மேலாகவும் மெதுவாக நகர்த்திக்கொண்டு வசந்தாமணியின் முகத்தையே பார்த்தாள். சரியான அட்டைக்கு மேலே கை வந்ததும், ஊமைப் படத்தில் இருந்த அந்த வசந்தாமணியின் புருவம் ஒரு நூலளவு ஏறியது, கழுத்து நிமிர்ந்தது, எச்சில் விழுங்கினாள். கை அங்கேயே இறங்கியது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. வசந்தாமணி சோற்றைப் பிசைந்த கையோடு பார்த்தாள். "நான் ஒண்ணுமே சொல்லலையே கண்ணு" என்றாள். "நீங்க சொல்லல மிஸ். உங்களுக்கே தெரியல." அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. கொரோனாக் காலத்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், நிவாஷினி கண்ணைப் பார்த்தாள். வீட்டுக்காரரின் கூலிங் கிளாஸை வாங்கிவந்து அதையும் போட்டுக்கொண்டாள், பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள், நிவாஷினி மட்டும் சிரிக்காமல் குனிந்து மேஜைக்கு அடியில் வசந்தாமணியின் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சரியான அட்டையை எடுத்தாள். கால் கட்டைவிரல்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறது! இப்படியும் ஒரு டீச்சரம்மா உண்டா என்று அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை அசையாமல் வைத்துப் பழகும்போதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

ஏனென்றால் தானாகச் செய்கிறாள், சொன்னால் செய்கிறாள், சைகை காட்டினால் செய்கிறாள், கைபிடித்துச் செய்வித்தால் செய்கிறாள் என்று மதிப்பீட்டில் நாலு விதமாகக் குறிக்கலாம், வசந்தாமணி வருஷா வருஷம் நிவாஷினிக்குத் தானாகச் செய்கிறாள் என்றுதான் குறித்துவந்தாள். மனமறிந்து பொய் குறிக்கவில்லை. அப்படித்தான் நம்பினாள். நிவாஷினியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பெற்றோர் கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடிவருவாள். "ஏனுங்க மிஸ், இங்க மட்டும் எப்படிச் செய்யறா? ஊட்டுல ஒரு டம்ளர எடுத்து வெய்யுன்னாக்கூட என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் வசந்தாமணி அவளைத்தான் ஏசுவாள். "நீ விட்டாத்தான அவ செய்வா? எல்லாத்தையும் நீயே செஞ்சு குடுத்துப்போட்டு, பிள்ளைய ஒண்ணுக்கும் ஆகாம வெச்சுட்டுப் பேசறயே." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்துக்கறனுங்க" என்று போய்விடுவாள். என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்! காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. அந்த அம்மாளின் முகத்தில் விடை இல்லை, தன் முகத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது நினைத்தாலும் வசந்தாமணிக்குக் காது மடல் சுட்டது. ஆனால் சுட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாதது. தன் முகத்தை இவ்வளவு நேரம், இவ்வளவு ஆழமாக, அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது என்பதுபோல, இந்த உலகத்தில் வேறு யார் பார்த்திருக்கிறார்கள்? வீட்டுக்காரர் நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லிலிருந்து வந்தால் டிவியைப் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார். அவருக்கு மதிப்பீடு வைத்தால் சொன்னால் செய்கிறார் என்று போடலாம், அதுவும் இரண்டு தடவை சொன்னால். சென்னையில் வேலை பார்க்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவாள், பேசப் பேசத் திரையின் மூலையில் தெரிகிற தன் தலைமுடியைத்தான் ஒதுக்கிக்கொண்டிருப்பாள். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் மூக்குத்தியை மாற்றி ஒரு மாசமாயிற்று, அவரும் கவனிக்கவில்லை, மகளும் கவனிக்கவில்லை. மாற்றிய அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூட வாசலிலேயே நிவாஷினி நின்றுவிட்டாள், விரலை நீட்டிப் புதுக் கல்லைத் தொட்டாள்.

பின்னால் ஸ்பூன்கள் கலகலவென்று கொட்டின. "நிவா, ரெண்டு ஸ்பூன் குடு" என்று ரிஸ்வானா எப்போது சொன்னாள்? தறிச் சத்தத்தில் கேட்கவில்லையா, இவள்தான் மூக்குத்தி நினைப்பில் போய்விட்டாளா? ஸ்பூன் கொட்டினால் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ரிஸ்வானா திரும்பவும் அதே குரலில் கேட்டாள். டடக் டடக் டடக். திரும்பவும் ஸ்பூன்கள் மொத்தமாக. "சரி, வெச்சிரலாம்" என்று ரிஸ்வானா எடுத்து வைக்கிற சத்தம். போயிற்று. இரண்டு தெரியாது அவளுக்கு. மாசக்கணக்காக இரண்டு இரண்டு என்று புளியங்கொட்டையும் பொத்தானும் எண்ணியதெல்லாம் எங்கே போயிற்று? இரண்டாவது கொட்டையை எடுத்ததும் நிறுத்திக்கொள்வாளே! நிறுத்தியது அவளா, என் புருவமா? வசந்தாமணி சுவரில் உரிந்த சுண்ணாம்புத் துணுக்கைப் பார்த்தாள். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. எட்டு வயதில் வந்தபோது நிவாஷினி இதே அறையில் மேஜைக்கு அடியில்தான் இருந்தாள். யாரையும் பார்க்க மாட்டாள். மனிதர்களுக்கு முழங்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதுபோல இருப்பாள். அவளுக்கென்று போட்ட திட்டத்தில் வசந்தாமணி எழுதிய முதல் இலக்கே முகத்தைப் பார்ப்பது என்பதுதான். தானும் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்தாள், இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடலை மிட்டாயைத் தன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் வைத்து, நிவா, இங்கே பார், இங்கே பார் என்றாள். பிள்ளை மிட்டாயைப் பார்க்கும், கண்ணைப் பார்க்காது. மிட்டாய் ஒட்டி ஒட்டி நெற்றியில் எறும்பு வராத குறை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. ஒருநாள் மிட்டாய் தீர்ந்துபோய் வெறும் விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு சும்மாதான் கூப்பிட்டாள். அன்று பார்த்தது. விரலைத் தாண்டிக் கண்ணுக்குள் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. வசந்தாமணி அழுதுவிட்டாள். அழுகிற முகத்தையும் அது விடாமல் பார்த்தது. அன்றிலிருந்து இந்த முகத்தை விட்டு அந்தக் கண் இறங்கவே இல்லை. பார் என்று கற்றுக்கொடுத்தவள் இவள்தான், போதும் என்று கற்றுக்கொடுக்க மறந்தவளும் இவள்தான்.

இப்போது சட்டைப் பொத்தான் போடுகிற வேலை நடக்கிறது போலிருக்கிறது, சத்தமே இல்லை. பொத்தானுக்கு ஏது சத்தம்? அதில் என்ன ஆனாலும் ஆகட்டும். முக்கியமானது கடைசியில் வரப்போகிறது. அவிநாசியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, பெரிய பிள்ளைகளுக்கு. துணி மடிப்பது, காகிதக் கவர் ஒட்டுவது, கயிறு திரிப்பது என்று கைக்கு வேலை கற்றுக்கொடுப்பார்கள், ஆயுசுக்கும் போய்வரலாம். நிவாஷினி வீட்டுத் தெருமுனைக்கே வேன் வரும். ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. வேறு ஆள் சொன்னாலும், யாரும் சைகை காட்டாமலே, பிள்ளை தானாகத் தட்டு வைக்க வேண்டும், அது தெரிந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் போனில் பேசிய அந்த நிலையத்து அம்மா. அங்கே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், தினம் ஒருவர் எல்லாருக்கும் தட்டு வைப்பார்களாம். இதைச் சொன்னதும் நிவாஷினியின் அம்மா வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கப்புறம் இவ எங்கீங்க போவா மிஸ்? அந்த எடம் மட்டும் கெடச்சுதுன்னா நான் நிம்மதியாக் கண்ண மூடுவனுங்க" என்றாள். நாற்பதுகூட ஆகாதவள், கண்ணை மூடுவது பற்றிப் பேசுகிறாள். இவர்கள் எல்லாருமே இப்படித்தான், பிள்ளை பிறந்த அன்றிலிருந்தே தங்கள் சாவை நினைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். தட்டு வைத்துவிட்டால் நிவாஷினி அவிநாசிக்குப் போய்விடுவாள். வைக்காவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயே இருப்பாள். இன்னொரு வருஷம் வாசலில் நின்று மூக்குத்தியைத் தொடுவாள். இந்த இடத்துக்கு வந்ததும் வசந்தாமணியின் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றது. எடுத்துவிட்டுக்கொண்டு போகப் பார்த்தாள், திரும்ப அங்கேயே வந்து மாட்டியது. வைக்காமல் போகட்டும் என்று நினைக்கிறாயா? இல்லை. நினைக்கவில்லை. நினைத்தால் என்ன? நினைப்பதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. சின்னதாக ஒரு இருமல் போதும், பிள்ளை குழம்பிவிடும். அதே இருமலைச் சரியான நேரத்தில் இருமினால் பிள்ளை வைத்தும்விடும். இரண்டு இருமலும் தொண்டையில் தயாராக இருந்தன. வசந்தாமணி முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். பருத்திச் சேலை, கஞ்சி வாசம் அடித்தது.

நாற்காலி தரையில் கிரீச்சென்றது. யார் எழுந்தார்கள்? ரிஸ்வானா எழச் சொல்லவில்லையே. வெறுங்கால் நடை. அந்த நடை வசந்தாமணிக்குத் தெரியும், குதிகாலை ஊன்றாமல் முன்னங்காலிலேயே எட்டி எட்டி வைக்கிற நடை. வருகிறாள். ஐயோ, இங்கேதான் வருகிறாள். வராதே கண்ணு, போ, போய் உட்கார். வா. வந்துவிட்டாள். வலது பக்கம் நின்றாள். தலையில் தேய்த்த விளக்கெண்ணெய் வாசம், காலையில் தின்ற இட்லிப்பொடி வாசம். வசந்தாமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு இருக்கும்போது தாடையில் விரல்கள் பட்டன. ஈரமான, மெலிந்த விரல்கள். தாடையைப் பிடித்து, கடைக்காரன் தராசைத் திருப்புகிற மாதிரி மெதுவாக, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பிவிட்டு நின்றாள். பார்க்கிறாள். இமைக்கு வெளியே ஒரு முழத் தூரத்தில் அந்தக் கண்கள் திறந்திருக்கின்றன. "ம்ம்" என்றாள். நிவாஷினிக்குப் பேச்சு வராது, இருக்கிற சத்தம் அது ஒன்றுதான். திரும்பவும் "ம்ம்", கொஞ்சம் நீட்டி. அப்போதுதான் வசந்தாமணிக்கு உறைத்தது. உதவி வேண்டுமென்றால் தானாகக் கேட்கிறாள் என்று மதிப்பீட்டில் ஒன்று உண்டு. வருஷா வருஷம் அதற்கு மட்டும் இல்லை என்று குறிப்பாள், வருத்தத்தோடு. எப்படிக் கேட்பாள்? கேட்பதற்கு முன்னாலேயே புருவத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டால் எதற்குக் கேட்பாள்? இன்றைக்கு முகம் இல்லை, அதனால் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள், எழுந்து, நடந்து, தாடையைப் பிடித்து. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். இன்றைக்குப் பார்த்துக் கொடுக்கக் கூடாது! திறந்துவிடலாமா? ஒரே ஒரு வினாடி. ஒரு தடவை அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும்? பார்த்தால் புருவம் பேசிவிடும். பேசிவிட்டால் அப்புறம் வைக்கிற தட்டு அவள் வைத்த தட்டு ஆகாது. விரல் தாடையிலிருந்து எழுந்து மூடிய இமையைத் தொட்டது. தட்டிப் பார்த்தது, கதவைத் தட்டுகிற மாதிரி. உள்ளேதான் இருக்கிறேன் கண்ணு. இங்கேதான் இருக்கிறேன். வசந்தாமணி கண்ணைத் திறக்கவில்லை. இமை ஓரத்தில் தண்ணீர் கசிந்து விரலில் பட்டிருக்க வேண்டும், விரல் விலகியது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் பக்கத்திலேயே இருந்தது. பிறகு அந்த எட்டி வைக்கிற நடை திரும்பிப் போயிற்று. அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை வசந்தாமணி அதுவரை வேண்டாமென்று சொன்னதில்லை.

அப்போது கரண்டு போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக, ஓட்டத்தை இழந்து, டடக், டக், என்று நின்றன. மின்விசிறி முனகி நின்றது. ஊரே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி ஆனது. எங்கோ ஒரு காக்கை, பின்கட்டில் சாம்பார் கொதிக்கிற சத்தம், தன் மார்பு அடிக்கிற சத்தம். கேட்டாயே, இந்தா. "நிவா, சாப்பாடு வரப்போகுது. எல்லாருக்கும் தட்டு வை." சொல்லிவிட்டாள். அதே ஸ்டேஷன் குரல்தான், ஆனால் கடைசி எழுத்தில் கொஞ்சம் நடுங்கியது. பாவம், அவளும் மனுஷிதானே. எவர்சில்வர் தட்டுகள் அடுக்காக மேஜை ஓரத்தில் இருக்கும், அளவுக்கு மிஞ்சியே இருக்கும், எத்தனை எடுக்கிறாள் என்று பார்க்கத்தான். ஸ்பூன்போல மொத்தமாகத் தூக்கிக் கொட்டிவிடுவாளோ? வேண்டாம் கண்ணு, ஒவ்வொன்றாக. ஒரு ஆளைப் பார், ஒரு தட்டை வை. எத்தனை தரம் செய்திருக்கிறோம். தட்டு தட்டின்மேல் உரசி எடுக்கிற சத்தம். மேஜையில் வைக்கிற சத்தம், ணங். ஒன்று. யாருக்கு? ரிஸ்வானாவுக்கு இருக்கும். திரும்பவும் உரசல். ணங். இது அவளுக்கே. அப்புறம் ஒன்றுமில்லை. வசந்தாமணி காத்திருந்தாள். காக்கை கத்தி ஓய்ந்தது. ஒன்றுமில்லை. மேஜையில் இரண்டு பேர்தானே உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு தட்டு சரிதானே? சரிதான் என்று போடுவாள் ரிஸ்வானா, போடாமல் என்ன? ஆனால் எல்லாருக்கும் என்று சொன்னாளே. அறையில் மூன்று பேர் இருக்கிறோமே. முகம் இல்லாதவளை எப்படி எண்ணுவாள்? கூப்பிட்டுக் கண் திறக்காதவளுக்கு எதற்குத் தட்டு? சுருட்டிச் சாத்திய ஜமுக்காளத்துக்கு யார் சோறு போடுகிறார்கள்? நியாயம்தான். இரண்டு என்றால் இரண்டு, அவிநாசிக்குப் போகட்டும், நன்றாக இருக்கட்டும். இப்படி நினைக்கும்போதே தொண்டையில் அந்த இருமல் புரண்டது. நான் இருக்கிறேன், நானும் இருக்கிறேன் என்று சொல்கிற இருமல். முந்தானையைக் கடித்தபடியே விழுங்கினாள். இன்னொரு உரசல் கேட்டது. ணங் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. எட்டி வைக்கிற நடை வந்தது. வசந்தாமணி அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டாள், தாடை தன்னையறியாமல் அந்தப் பக்கம் கொஞ்சம் உயர்ந்தது. விரல் வரவில்லை. மடியில் சில்லென்று ஒரு தட்டு இறங்கியது. சேலை மடிப்பில் சரிந்ததைப் பிடித்து நேராக வைத்துவிட்டு நடை திரும்பிப் போயிற்று. முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, தொடவில்லை.

ரிஸ்வானா மூக்கை உறிஞ்சினாள். "மிஸ், நீங்க திரும்பலாம்" என்றாள். இப்போது அது ஸ்டேஷன் குரலே இல்லை. வசந்தாமணி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினாள், கழுத்து பிசகிக்கொண்டது. மேஜையில் ரிஸ்வானாவுக்கு முன்னால் ஒரு தட்டு, நிவாஷினிக்கு முன்னால் ஒரு தட்டு. மீதித் தட்டுகள் அடுக்கிலேயே இருந்தன. நிவாஷினியின் சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "தட்டு தானாச் செஞ்சான்னு போட்டுட்டேன் மிஸ். ஸ்பூன் வரல. அப்புறம் உங்கள்ட்ட வந்து கேட்டா பாத்தீங்களா, அதையும் போட்டுட்டேன்." "போடு கண்ணு" என்றாள் வசந்தாமணி. "அவங்கம்மாவுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லீரு. கம்பெனில எடுக்க மாட்டா, திரும்பத் திரும்பப் பண்ணு. நான் அவளக் கண்டபடி ஏசியிருக்கேன், அத நானே நேர்ல சொல்லிக்கறேன்." ரிஸ்வானா போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வசந்தாமணி நாற்காலியை இழுத்துவந்து நிவாஷினிக்கு நேர் எதிரே போட்டு, தன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. மாஸ்க் இல்லை, கண்ணாடி இல்லை. புருவத்தை உயர்த்தினாள், உயர்த்தியபடியே வைத்திருந்தாள். நிவா, இங்கே பார் என்று வாய்வரை வந்தது. நிவாஷினி கையை மடியில் வைத்துக்கொண்டு, சோறு வருகிற கதவை ஒரு தரம் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள், திரும்பவும் கதவைப் பார்த்தாள். பக்கத்துக் குடோனில் கரண்டு வந்து தறி ஓட ஆரம்பித்தது. வசந்தாமணி புருவத்தை மெல்ல இறக்கிக்கொண்டு, சோறு வரும்வரை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.